பெட்ராஸ் மாமாவும் பூட்டிய மெஷினும்

பெட்ராஸ் என் தாயின் பெரியம்மா மகன். எனக்கு மாமா முறை. பாஸ்டனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான பிராக்டனில், அடோல்ஃபாஸ் நடத்திய ஷூ பட்டறையில் மெக்கானிக். அடோல்ஃபாஸ் யாரென்றால், மாமாவின் மனைவி ஓனாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

அப்போது எங்கள் ஊரில் எந்தப் பட்டறைக்கும் சொந்த மெஷின் கிடையாது. எல்லாம் ஒரே கம்பெனி செய்தது. வாடகைக்குத்தான் தருவார்கள், விற்க மாட்டார்கள். மூடிக்குப் பூட்டு, கம்பெனி ஆள்தான் திறக்கலாம். வேறு யாராவது தொட்டால் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒப்பந்தம்.

தொழிலையே கைக்குள் வைத்திருக்கிறது என்று அரசாங்கம் அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. "வெளியாள் தொட்டால் மெஷின் பாழ், அதனால்தான் விற்பதில்லை" என்றது கம்பெனி. அரசாங்கத் தரப்பில் மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

அடோல்ஃபாஸுக்கு வேர்த்துவிட்டது. "யோவ் மாப்ள, நீ வாயத் தொறந்தா மெஷின் போயிரும். நாப்பது பொம்பளைங்க வேலை போயிரும்யா!"

"தொறக்காட்டி மட்டும் உன் மெஷினாவா ஆயிடப்போவுது, அண்ணே?" என்றாள் ஓனா.

மாமா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு பாஸ்டன் கோர்ட்டுக்குப் போனார்.

கம்பெனி வக்கீல் சிரித்தபடி கேட்டார். "எங்க மெஷினப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"பதினோரு வருஷமா நான்தானுங்க ரிப்பேர் பண்றேன்."

"எங்க ஆள் வர்றதில்லையா?"

"தவறாம வருவாருங்க. சாவிக்கொத்த என்கிட்ட குடுத்துட்டு எங்க வீட்டுக்குப் போயிருவாரு. என் சம்சாரம் அடுப்புல சுடுற உருளைக்கிழங்கு குகேலிஸ்னா அவருக்கு உசுரு. அவரு ரெண்டு தட்டு முடிக்கிறதுக்குள்ள நான் மெஷின சரி பண்ணி ஓட விட்டுருவேன்."

நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப ஒப்பந்தத்த மீறினீங்க?"

"மீறினேனுங்க. மெஷின் பாழாச்சான்னும் கேளுங்க!"

வக்கீல் அதைக் கேட்கவில்லை.

வழக்கு முடியும்வரை பட்டறை மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போகக் கம்பெனிக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு வருஷத்துக்குமேல் கழித்துத் தீர்ப்பு வந்தது: கேட்டவர்களுக்கு விற்க வேண்டும், வாங்கியவர் யாரை வைத்தும் பழுது பார்க்கலாம்.

அடோல்ஃபாஸ் முதலில் வாங்கியது, தோலை அச்சின்மேல் இழுத்து ஆணியடிக்கும் மெஷின். பட்டப்பகலில், நாற்பது பெண்களும் சுற்றி நின்று கைதட்ட, மாமா மூடியைக் கழற்றி கையை முழங்கைவரை உள்ளே விட்டார்.

"மெதுவா மாப்ள, மெதுவா!" என்று அலறினார் அடோல்ஃபாஸ். "என் மெஷின்யா அது!"

எங்கள் தெருவில் ஒரு முதலாளி அப்படிச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டோம்.