கீழ்த்தள வீடு யாருக்கு

அந்த அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் மிஷின் போட்டுத் துணி தைத்தவளை எல்லோரும் தையலக்கா என்றே கூப்பிட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம். தண்ணீர் வராவிட்டாலும், படிக்கட்டு விளக்கு எரியாவிட்டாலும், கழுத்தில் அளவு நாடாவோடு நிர்வாக அலுவலகத்தில் போய் நிற்பாள். நிர்வாகக் குழுவில் இனி குடியிருப்பவர்களுக்கும் இடம் உண்டு என்று அறிவிப்பு வந்தபோது, ஆளாளுக்கு நழுவிக்கொண்டு அவளைத் தள்ளிவிட்டார்கள்.

"தினமும் நின்னுக்கிட்டே சண்டை போடுறீங்க. இனிமே உட்கார்ந்து போடுங்களேன்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

சில மாதங்களில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால் படியேற முடியாதவர்களுக்கே அந்த வீடு என்று குழு தீர்மானித்தது. கேட்டவர்களில் கடைசியாக இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி தையலக்காவின் சொந்த அக்கா. நான்காம் மாடியில் தனியாக இருந்தாள், முழங்கால் தேய்மானம். இன்னொருவர் இரண்டாம் மாடி லாரி டிரைவர். மிஷின் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று தையலக்காவோடு பேச்சை முறித்துக்கொண்டவர். அவர் மனைவிக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஆள் பிடித்து, நாற்காலியோடு தூக்கித்தான் இறக்குவார்கள்.

கூட்டத்தில் தையலக்கா, கேட்பவர்களில் ஒருத்தி தன் அக்கா, முடிவெடுக்கும்போது தான் இருக்கக்கூடாது என்று எழுந்தாள். குழுவுக்குத் தலைமை வகித்த வீட்டுவசதி அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டு வீட்டையும் அறிந்தவள் நீதான், நிலைமையைச் சொல்லிவிட்டுப் போ என்றார். அவள் கதவில் கைவைத்தபடியே திரும்பிச் சொன்னாள்.

"எங்கக்கா அங்கங்க நின்னு, திட்டிக்கிட்டே ஏறிடுவா. அந்தம்மா காத்து வாங்கக்கூட கீழ இறங்க முடியாது."

வீடு டிரைவருக்குப் போயிற்று. செய்தி அவளுக்கு முன்னால் நான்காம் மாடிக்குப் போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் நியாயம் பேசுற. கூடப்பொறந்தவ வலி மட்டும் உன் கண்ணுக்குத் தெரியல" என்று சொல்லி அக்கா கதவைச் சாத்தினாள்.

அதன்பின் பேச்சில்லை. தையலக்கா காய்கறியும் மாத்திரையும் வாங்கி வாசலில் வைத்துவிட்டு வருவாள். அக்கா எடுத்துக்கொண்டு வெறும் பையைத் தாழ்ப்பாளில் மாட்டிவிடுவாள். கீழே டிரைவரின் மனைவி வாசல் வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது செய்தது சரி என்றுதான் தோன்றியது. ஆனாலும் மேலே ஏறும்போது நெஞ்சு கனத்தது.

படிகளுக்குக் கைப்பிடியும், திருப்பங்களில் உட்காரப் பலகையும் வேண்டும் என்று குழுவை நச்சரிக்கத் தொடங்கினாள். கைப்பிடி வந்தது. பலகை வரவில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அக்கா அந்தக் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கேள்வி கேட்கலாம் என்றதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

"குழு உறுப்பினரம்மாவுக்கு ஒரு கேள்வி. பிடிச்சுக்க கம்பி போட்டீங்க, சரி. உட்காரப் பலகை எங்க?"

கூட்டம் சிரித்தது. தையலக்கா எழுந்தாள்.

"அடுத்த கூட்டத்துல கேக்குறேன்க்கா."

"கேட்டது போதும். வாங்கிக் குடு" என்றாள் அக்கா.