நான் இறங்காத துறைமுகம்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி மாதம். கொச்சித் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு சுற்றுலாக் கப்பலில் நடந்தது இது.

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு பெயிண்ட் கடை. நன்றாக விற்றுக் காட்டிய கடைக்காரர்களை அந்த வருஷம் கம்பெனியே குடும்பத்தோடு கப்பலில் கூட்டிப்போனது. மும்பையில் ஏறி, கொச்சியில் ஒரு பகல் நின்று, லட்சத்தீவுப் பக்கம் போய், மறுபடி மும்பையிலேயே இறங்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வர மனசே இல்லை. குளத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் புஞ்சை உண்டு. புரட்டாசி முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. "வெதைக்கிற நேரத்துல கப்பலு ஒரு கேடா?" என்று முனகிக்கொண்டேதான் பெட்டியைத் தூக்கினார்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். கடல் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் திருச்செந்தூரில் முங்கி எழுந்து திரும்பினால் கரை இருக்கும், கரையில் ஐஸ்காரர் இருப்பார், செருப்புக்குக் காவலாக யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையே தெரியாத இடத்தில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

என் யோகத்தைப் பாருங்கள். மும்பையை விட்டுக் கப்பல் நகர்ந்ததும் எனக்குக் குடலைப் புரட்ட ஆரம்பித்தது. கொச்சி வரும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அறையிலேயே சுருண்டு கிடந்தேன். கடலைப் பார்க்கப் போனவள் மேற்கூரையைத்தான் பார்த்தேன். அவர் பாவம், ரசம் கிடைக்குமா என்று கப்பல் முழுக்க அலைந்துவிட்டு, கடைசியில் ரொட்டியும் ஊறுகாயும் கொண்டுவந்து கொடுத்தார்.

கொச்சியில் கப்பல் நின்ற பிறகுதான் எனக்குத் தலைசுற்றல் நின்றது. முகம் கழுவி, தலை சீவி, மேல்தளத்துக்கு வந்தேன். இனிமேல்தான் நடுக்கடல் என்று மனசு குதித்தது. அப்போதுதான் அவர் சட்டைப்பையில் அதுவரை சிக்னல் இல்லாமல் செத்துக் கிடந்த செல்போன் அடித்தது.

ஊரிலிருந்து டிராக்டர்காரர். அவர் கத்திய கத்தல் எனக்கே கேட்டது. "அண்ணாச்சி, எங்கன இருக்கிய? ராத்திரி நல்ல உழவு மழை! காடெல்லாம் தண்ணி நிக்கி. வெரசா வாங்க. வண்டிக்கு ஆளாளுக்கு இப்பவே வந்து நிக்காவ."

கரிசலில் மழை பெய்த கையோடு கால் வைக்க முடியாது, சேறு விடாது. ஈரம் கொஞ்சம் உள்ளே இறங்கி மண் பதமாக இருக்கிற அந்த ஓரிரு நாளில் விதை விழுந்தாக வேண்டும். விட்டால் அந்த வருஷம் புஞ்சை தரிசுதான். மும்பையைச் சுற்றிக்கொண்டு நாங்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட அந்த மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை. "ஏட்டி, பெட்டியக் கட்டு. இங்கனயே எறங்கிருவோம். செங்கோட்ட வழியா பஸ்ஸப் புடிச்சா விடியக்காலம் ஊரு."

"நான் வரல" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். அதுவரை அவர் கிளம்பு என்றால் கிளம்பியிருக்கிறேன், இரு என்றால் இருந்திருக்கிறேன்.

"என்னட்டி சொல்லுத?"

"நீங்க போங்க. வெதைக்கணும்லா. நான் இருந்து பாத்துட்டு வாரேன்." அதற்குமேல் அழுகை முட்டிவிட்டது. "நடுக்கடல்ல ஒரு தடவ நிக்கணும்னு எம்புட்டு நாளா நெனைச்சிருக்கேன். இன்னும் கடலப் பாக்கவே இல்லங்க."

கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "தனியா இருந்துருவியா?" என்று கேட்டார்.

"திருநெல்வேலிக் கடைக்காரர் குடும்பம் இருக்குல்லா. அவியளோடயே ரயிலேறி வந்துருதேன்."

"சரி" என்றார்.

பாதியில் இறங்குவதும் லேசான காரியமாக இல்லை. கப்பல் அதிகாரி ஒரு மலையாளி, ஓரளவு தமிழ் தெரிந்தவர். ஏன் இறங்குகிறீர்கள் என்று கேட்டார். "காட்டுல மழை பெஞ்சிருக்கு சார், உடனே போவணும்" என்றார் இவர். எங்கள் ஊர்ப்பக்கம் புஞ்சைக்குக் காடு என்றுதான் பேர். அந்த அதிகாரிக்குக் காடு என்றால் யானையும் புலியும் இருக்கிற காடு. "காட்டில் மழை பெய்தால் உங்களுக்கென்ன? வனத்துறையா?" என்று விழித்தார். "நான் போகாட்டா உளுந்து எப்படி சார் மொளைக்கும்?" என்று இவர் திருப்பிக் கேட்க, மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். அழுத கண்ணோடு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இறங்கும்போது திரும்பிப் பார்ப்பார் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார். ஆத்திரமாக வந்தது. துறைமுக வாசல் பக்கம் போனதும் நின்று, திரும்பி, மூக்கருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினார். எலுமிச்சம்பழத்தை மறந்துவிடாதே என்று சொல்கிறார்! அப்புறம் கூட்டத்தில் அவர் சட்டை தெரியவில்லை.

சாப்பாட்டு மேஜையில் என்னை வைத்து ஒரே கேலி. "வீட்டுக்காரர எறக்கி விட்டுட்டு மகாராணி மட்டும் கப்பல்ல போறாவ" என்றாள் திருநெல்வேலிக்காரி. நானும் சிரித்து வைத்தேன். அறைக்குள் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் ஓர் அறையில் தனியாகத் தூங்கியதில்லை. பேசாமல் கூடவே இறங்கியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

விடிந்ததும் மேலே ஏறிப் போனேன். யாருமில்லை. காற்று மெதுவாக அடித்தது. முன்னால் போய்ப் பார்த்தேன், பின்னால் போய்ப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன். கரை இல்லை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கப்பல் போகிற மாதிரியும் இருந்தது, அப்படியே நிற்கிற மாதிரியும் இருந்தது. சின்னப் பிள்ளையில் சித்திரை வெயிலில் கரிசல்காட்டுக்கு நடுவே நின்று தூரத்தில் கானல் ஓடுவதைப் பார்ப்பேன். கிட்டே போனால் தண்ணீர் இருக்காது. அந்தத் தண்ணீரெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று தோன்றியது. பசியில்லை, பயமில்லை, நான் யார் வீட்டு மருமகள் என்ற நினைப்புகூட இல்லை. அப்படியொரு சந்தோஷம். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

திடீரென்று இதை அவரிடம் சொல்லியாக வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் வாய்விட்டுச் சொல்லாத அவர் பெயரை, அந்தக் கடலைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டேன். என்ன பெயர் என்று கேட்காதீர்கள், இங்கேயும் எழுதமாட்டேன்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் வண்டியோடு நின்றார். வீட்டுக்குப் போகவில்லை, பெட்டியும் கையுமாக நேரே காட்டுக்குத்தான் கூட்டிப்போனார். கறுத்த மண்ணில் வரிசை வரிசையாக உளுந்து முளைவிட்டிருந்தது. இரண்டு பேரும் வரப்பில் நின்றோம்.

"கடல் எப்பிடி இருந்துச்சு?"

"கரையே இல்லங்க."

வரப்பில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டு, "என்னைய நெனச்சியாட்டி?" என்றார்.

"ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டேன்."

அவர் காது சிவந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, "டிராக்டர் சத்தத்துல கேட்டிருக்காது" என்றார்.

இன்றைக்கும் வானம் கறுத்தால் எனக்கு அந்தக் கப்பல்தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நான் சொன்ன "வரல" பெரிதா, அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன "சரி" பெரிதா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.