அடுப்பில் பொரிந்த பூசணி விதை

நெய்க்காரப்பட்டியில் பிறந்த என்னை வடமதுரைப் பக்கம் கட்டிக்கொடுத்தது ஐம்பதுகளின் கடைசியில். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வாய்க்கு மட்டும் நாற்பது வயது. பாத்திரம், சேலை, நகை என்று ஊரே பார்த்த சீர் ஒருபக்கம் இருக்க, யாரும் பார்க்காத சீர் ஒன்று என் இடுப்பில் செருகியிருந்தது. பழைய சேலைக் கிழிசலில் முடிந்த ஒரு கைப்பிடி அரசாணி விதை. மஞ்சள் பூசணியை எங்கள் பக்கம் அரசாணி என்போம். "எங்க போனாலும் ரெண்டு கொடி போட்டுக்க அம்மிணி, கொளம்புக்கு ஆருகிட்டயும் நிக்க வேண்டாம்" என்று சொல்லி அம்மா செருகிவிட்டது அது.

புகுந்த வீட்டிலோ பூசணிக்குப் பஞ்சமே இல்லை. கிணற்றடியில் நாற்பது சென்ட் நிலம். ஆடி பிறந்ததும் அதில் பூசணி ஊன்றுவார்கள், கார்த்திகையில் திண்டுக்கல் சந்தைக்கு வண்டி கட்டுவார்கள். அவர்கள் காய் ஆட்டுக்கல் பருமன் இருக்கும். வரிவரியாகப் பள்ளம் விழுந்து, ஒன்றைத் தூக்க ஒரு முழு ஆள் வேண்டும். என் காய் உருண்டையாக, இடுப்பில் இடுக்கிக்கொள்ளும் அளவுதான். மாமியார் என் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தியா?" என்று கேட்டார். எனக்கு உச்சி வெந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கொடி போட்டேன். காய்த்தது. என் வீட்டுக்காரர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விதைக்கு விடும் காய் எது என்று முடிவு செய்வது மாமியார்தான். தன் சேலைத் தலைப்பில் ஒரு கீற்றுக் கிழித்து, அந்தக் காயின் காம்பில் கட்டிவிடுவார். கட்டியபின் பெற்ற மகன்கூட அதைத் தொட மாட்டார். அடுத்த வருடத்து நிலமே அந்தக் கீற்றில்தான் இருக்கிறது என்பது எனக்கு வந்த வருடமே புரிந்துவிட்டது. உலை வைக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, களை எடுக்க எல்லாம் நான் வேண்டும். நிலத்தில் என்ன போடுவது என்ற பேச்சில் மட்டும் நான் கிடையாது. அந்தக் கீற்று ஒருநாள் என் காயில் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சின்ன ஆசை என்று சொன்னால் பொய்.

அறுபதுகள் தொடங்கிய சமயம், திண்டுக்கல்லில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஒரு ராவுத்தர் எங்கள் தோட்டத்துக்கே வந்தார். நெய்ச்சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள, பருப்பும் எலும்பும் காயும் போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள். தால்ச்சா என்று பெயர். அதற்குத்தான் பூசணி.

"மாப்ள, ஒரு கல்யாணத்துல காய் கரைஞ்சு கூழாப் போகுது, இன்னொண்ணுல கல்லு மாதிரி நிக்குது. எனக்கு ஒரே ரகம் வேணும். போட்டுத் தர முடியுமா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"எங்க காய விட வேற என்ன காய் மாமா?" என்றார் இவர்.

மோர்ச் செம்போடு நின்ற நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க அரசாணி கரையாதுங்க. வேணும்னா போட்டுப் பாருங்க" என்றேன். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். ராவுத்தர் சிரித்துவிட்டார்.

"ரெண்டையும் போடுங்க. அடுப்பு சொல்லட்டும்" என்றார்.

அப்படியே பேச்சாயிற்று. அவர் எந்தக் காயை எடுக்கிறாரோ, அடுத்த ஆடியிலிருந்து நாற்பது சென்ட்டிலும் அதுதான். மாமியாரும், "அந்தக் காய்க்கே நான் துணி கட்டிப்புடுறேன், போ" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

சேதி கேட்டு, விவசாய யோசனை சொல்ல அரசாங்கம் ஊருக்குப் போட்டிருந்த கிராம சேவக்கும் வந்து சேர்ந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தில் சீமைப் பூசணி விதை கொண்டுவந்து, அதையும் போடச் சொன்னார். ஆக மூன்று ரகம். மூன்றுக்கும் எண்ணி ஒரே அளவு குழி, ஒரே அளவு தொழு எரு. என் வீட்டுக்காரர் மாடு பூட்டிக் கமலை இறைக்க, நான் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் திருப்பினேன். அவர் குழிகளுக்கு ஒரு சொட்டு அதிகமாகப் போய்விடக் கூடாது என்று நானும், என் குழிகளுக்குப் போய்விடக் கூடாது என்று அவரும் காவல் காத்ததில், அந்த வருடம் போல் ஒழுங்காக எந்த வருடமும் நாங்கள் தண்ணீர் பாய்ச்சியதில்லை. வாயாடிக்கொண்டே வேலை செய்தோம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியது அந்தத் தோட்டத்தில்தான்.

பிஞ்சு விட்டதும் கிராம சேவக் நோட்டோடு வந்து, விரலை நீட்டி நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது எங்கள் பக்கமும் உண்டு, அவர்கள் பக்கமும் உண்டு. விரலை மடக்கி, முட்டியால்தான் காட்டுவோம். மாமியார் பதறிப்போய், "ஐயா, கைய மடக்குங்க சாமி" என்று ஓடி வந்தார். அவர் சிரித்துக்கொண்டே எண்ணி முடித்தார். பத்து நாளில் சீமைப் பிஞ்சு முழுக்க ஈ குத்தி அழுகியது. எங்கள் இரண்டு ரகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈதான் காரணம் என்று அவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். மாமியார் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் காய் பறித்தோம். ராவுத்தர் இரண்டு ரகத்திலும் பாதிப் பாதி வண்டியில் ஏற்றிப் போனார். வீட்டில் ஆளுக்கொரு நல்ல காயை அறுத்து, விதையைப் பசுஞ்சாணியில் பதித்து, வரட்டியாகத் தட்டினோம். சாணியில் இருந்தால் விதையைப் பூச்சி தொடாது. வெளியே ஓயாத மழை என்பதால் இரண்டு வரட்டியையும் அடுப்படிச் சுவரில்தான் ஒட்டினோம். அடையாளத்துக்கு என்னுடையதில் மஞ்சள் பொட்டு, அவருடையதில் சுண்ணாம்புப் பொட்டு.

மூன்று வாரம் கழித்து ராவுத்தர் வண்டியோடு திரும்பி வந்தார்.

"மாப்ள, கோவிச்சுக்கிறாதீக. உங்க காய் கரைஞ்சுபோச்சு. தங்கச்சி காய் நின்னு வெந்துச்சு, ருசியும் சர்க்கரை. என்ன, அம்புட்டுச் சின்னக் காய அறுத்துக் கொடலெடுக்கத்தான் எங்காளுகளுக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. ஆனாலும் அதுதான் வேணும். மிச்சத்தையும் இன்னைக்கே ஏத்திருங்க" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பரணில் இருந்த என் காய்களை நானே ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. ராவுத்தருக்குக் காப்பி போட அடுப்படிக்கு ஓடினேன். விறகெல்லாம் மழையில் ஊறி, புகைந்ததே தவிரப் பற்றவில்லை. கையை நீட்டிச் சுவரில் இருந்த வரட்டியைப் பிய்த்து, இரண்டாக உடைத்து அடுப்பில் வைத்தேன். அருமையாகப் பற்றியது. பால் பொங்கும் சமயம் அடுப்புக்குள் பட் பட் என்று பொரிந்தது. சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்புப் பொட்டு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் வண்டி நிறைய என் காய் நின்றது. "ஒன்றை இறக்கி வையுங்கள்" என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்களே. ஜெயித்த கையோடு விதையை எரித்துவிட்டேன் என்று மாமியாருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நாற்பது வயது வாய் அன்று ஊமையாகிவிட்டது. காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று முதல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைதான் எனக்கு. சுவரில் வெறும் சாணியைத் தட்டி மஞ்சள் பொட்டு வைத்தேன். அம்மா தந்த முடிச்சில் ஒரு விதைகூட மிச்சமில்லை. நெய்க்காரப்பட்டியில் இருந்த அண்ணனுக்கு விதை கேட்டுக் கார்டு எழுதிப் போட்டேன். "ரெண்டு வருசமா எல்லாம் கரும்புதான், அரசாணியே இல்லை. விதை உன்கிட்டத்தான் இருக்குதல்லோ" என்று பதில் வந்தது. ஆடிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் துணி எடுக்கத் திண்டுக்கல் போனோம். ராவுத்தரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, அவர் வீட்டுக்குப் போகலாமென்று நான்தான் இவரை இழுத்துக்கொண்டு போனேன். ராவுத்தர் வீட்டம்மா என் கையைப் பிடித்து, "வாங்க தாயீ, உங்க காய் பண்ணியிருக்கிற கூத்தப் பாருங்க" என்று கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். காய் அறுத்த குடலைச் சமையல்காரர்கள் கொட்டிய இடத்தில் விதை முளைத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்து, சமையல் கொட்டகைக் கூரை முழுக்கக் கொடி ஏறிக் கிடந்தது. கூரை ஓட்டின் மேல் வரிசையாகக் காய்.

"அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று நான் விரலை நீட்டிக் குதித்தேன். அந்த அம்மா என் விரலை வெடுக்கென்று மடக்கிப் பிடித்து, "பிஞ்சு இருக்கு தாயீ" என்றார். அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம்.

பிறகுதான் நன்றாகப் பார்த்தேன். அது என் காய் இல்லை. என் காயின் உருண்டையும் நிறமும் இருந்தது. ஆனால் அதைப்போல இரண்டு மடங்கு பருமன், மேலே புகுந்த வீட்டுக் காயின் வரிப் பள்ளம். ராவுத்தர் ஒன்றை அறுத்துக் காட்டினார். உள்ளே சதை கெட்டியாக, செக்கச்செவேல் என்று இருந்தது.

"போன வாரக் கல்யாணத்துக்கு இதத்தான் போட்டேன். தங்கச்சி காய் மாதிரி நின்னு வேகுது, அறுக்கவும் லேசு. இது என்ன ரகம் மாப்ள?" என்று கேட்டார்.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல பூத்துச்சு மாமா. வண்டு சும்மா இருக்குமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடுப்பு, வரட்டி, மஞ்சள் பொட்டு வைத்த வெறும் சாணி, எல்லாம். இவர் துளியும் அதிரவில்லை.

"அன்னைக்கு அடுப்புல பொரிஞ்சது எனக்கும் கேட்டுச்சு. உன் வாயால வரட்டும்னுதேன் இருந்தேன். மூணு மாசம் நீ தாக்குப்பிடிப்பேன்னு நெனைக்கல" என்றார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

காய் இரண்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மாமியார் கதை முழுவதையும் கேட்டார். "விதையத் தின்ன அடுப்பு வெளங்குமா" என்று செத்த நேரம் என்னைத் திட்டினார். பிறகு காயை அவரே குழம்பு வைத்தார். ஒரு துண்டைத் தின்று பார்த்துவிட்டு, இன்னொரு துண்டை எடுத்தார்.

ஆடியில் நாற்பது சென்ட்டிலும் அந்த விதையைத்தான் ஊன்றினோம். காய்த்த பிறகுதான் கூத்து. ஒரு கொடி காய் இன்னொரு கொடியில் இல்லை. ஒன்று அச்சு அசலாக என் பிறந்த வீட்டுக் காய், ஒன்று ஆட்டுக்கல், ஒன்று சுரைக்காய் போல நீளம், ஒன்று கோணல்மாணல். நடுவில் நாலைந்து கொடி மட்டும் கூரையில் பார்த்தது போலவே. போகிறவர் வருகிறவர் எல்லாம் வரப்பில் நின்று சிரித்தார்கள். எங்களுக்கும் சிரிப்புத்தான். இனி ஒவ்வொரு வருடமும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினால்தான் ரகம் நிலைக்கும் என்று தெரிந்துவிட்டது.

துணி கட்டும் நாள் வந்தது. மாமியார் தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். தலைப்பில் ஒரு கீற்றைக் கிழித்தார். கிழித்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், என்னிடம் நீட்டினார்.

"எந்தக் காயி எப்பிடி வேகும்னு உனக்குத்தேன் தெரியுது. நீயே பாத்துக் கட்டு."

பொழுது சாயும்வரை கொடி கொடியாகக் குனிந்து பார்த்து, ஒரு காயில் கட்டினேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, அதைச் சுற்றி முள்ளை வெட்டி வைத்தார்.

அந்தக் காயின் விதையைச் சாணியில் பதித்ததும், அதை அடுப்படிப் பக்கமே மாமியார் கொண்டுபோகவில்லை. வாசல் சுவரில், இறவாரத்துக்குக் கீழே, மகனை ஏணி போடச் சொல்லி உயரத்தில் தட்ட வைத்தார்.

"இம்புட்டு ஒசரம் எதுக்கு அத்தை?" என்றேன்.

"உன் கைக்கு எட்டக் கூடாதுல்ல. நான் இருக்கிற வரைக்கும் ஆடிக்கு ஆடி எடுத்துக் குடுக்கச் சொல்றேன். அதுக்குப் பெறகு நீ ஏணி வச்சு எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு, தானே தன் பேச்சுக்குச் சிரித்தார்.

வருடா வருடம் நான்தான் துணி கட்டினேன். கோணல் காய்கள் குறைந்து, ரகம் ஒரு நிலைக்கு வந்தது. ராவுத்தர் வீட்டுக் கல்யாணங்களுக்கு அந்தக் காய்தான் போயிற்று. ஆடிக்கு ஆடி மாமியார் கீழே நின்று மகனை ஏணியில் ஏற்றி, வரட்டியை வாங்கி, என் மடியில் போட்டார். ஆறு வருடம் அப்படி நடந்தது. ஏழாவது ஆடியில் நானே ஏணி வைத்தேன்.