தட்டினால் ஓடுகிற பெட்டி

மணிமொழிக்குக் கவலை பிறவிக் குணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ரமணாசிரமம் வாசல் வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! பச்சைக் குழந்தைகளின் இதயத்துடிப்பைக் காட்டும் மருத்துவமனைப் பெட்டியில், எல்லா மென்பொருளுக்கும் அடியிலிருந்து இயந்திரத்தை ஆளும் கெர்னலைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கம்பெனி பெங்களூரில். அவள் இருப்பது செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீட்டில். அம்மா போன பிறகு, கீழ்பென்னாத்தூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா ராஜேந்திரனும் அவளோடு வந்துவிட்டார்.

கரண்ட் போனால் அந்தப் பெட்டி பேட்டரியில் ஓட வேண்டும். பேட்டரி ஜாஸ்தி நேரம் தாங்கட்டும் என்று, வேலை இல்லாத இடைவெளிகளில் பிராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்படி ஒரு அமைப்பைச் சேர்த்தவள் மணிமொழிதான். எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டு வந்த அன்றே அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அதற்கு ஏற்றாற்போல, சோதனைக்குக் கொடுத்திருந்த ஒரு மருத்துவமனையிலிருந்து சேதி வந்தது. திரையில் எண்கள் அப்படியே நின்றுவிட்டனவாம், நர்ஸ் தொட்டதும் ஓடினவாம். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே கெர்னல் இன்று மாலை எல்லா மருத்துவமனைகளுக்கும் போகப் போகிறது. பெட்டி நிற்பதை ஒரு தடவையாவது காட்டினால்தான் தடுக்க முடியும், இல்லாவிட்டால் அந்த ஒரு பெட்டியின் கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேலாளர் அருண்பிரசாத் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மணிமொழியும் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வாரக்கணக்கில் ஹாலில் ஓடவிட்டிருந்தாள். குழந்தைக்குப் பதிலாகப் போலித் துடிப்பை அனுப்பும் சின்னக் கருவி ஒன்று ஒயரால் அதோடு இணைந்திருந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று அவளுடைய லேப்டாப் வைஃபை வழியாக ஓயாமல் விசாரிக்கும், பெட்டியும் சளைக்காமல் பதில் சொல்லும். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். உடனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் தெருமுனை கஃபேக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது பெட்டி சமத்தாக ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் பதில் வராமல் போனது வைஃபை இல்லாததால்தான் என்று விட்டுவிடுவாள்.

இன்றும் மதியம் கரண்ட் போய் வந்தது. கஃபேயிலிருந்து திரும்பியவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாலைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். தட்டில் பிசைந்தபடி, பேச்சுக்குத்தான், தான் இல்லாதபோது பெட்டி ஒழுங்காக ஓடியதா என்று அப்பாவைக் கேட்டாள். ராஜேந்திரன் ரசம் ஊற்றுவதில் மும்முரமாகிவிட்டார். பொய் சொல்ல வராத மனுஷன்.

"என்னாப்பா ஆச்சு?"

"நடுவுல நின்னுபோச்சும்மா. லேசா தட்டினேன், ஓடிச்சு. கரண்ட் போறப்பல்லாம் அப்படித்தான் நிக்குது. உங்கிட்ட சொன்னா நீ சோறு திங்க மாட்டன்னு சொல்லல."

எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டாள் மணிமொழி. கோபம் தலைக்கேறியது. ஆனால் யாரைத் திட்டுவது? நிலத்தில் மோட்டார் நின்றால் தட்டி ஓடவிட்டுப் பழகிய கை. மகள் பட்டினி கிடப்பாளே என்று மறைத்த மனசு. வாய் வரை வந்ததை விழுங்கினாள்.

விழுங்கும்போதே சுரீரென்று உறைத்தது. தானும் அதைத்தானே செய்திருக்கிறாள்! அவர் விரலால் தட்டினார், அவள் வைஃபை வழியாகத் தட்டியிருக்கிறாள். மூச்சு வருகிறதா என்று தூங்குகிற பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, விசாரித்து விசாரித்தே பெட்டியை ஆழத் தூங்கவிடாமல் வைத்திருந்தாள்.

கையைக் கழுவிவிட்டு, போனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டாள். மெயின் சுவிட்சை அணைத்தாள், வைஃபையும் போனது. இருவரும் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது, ஓடியது, அப்புறம் நின்றுபோனது. ராஜேந்திரனின் கை தானாக நீண்டது. அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மறு கையால் போலித் துடிப்பின் ஒயரைப் பிடுங்கினாள்.

துடிப்பு அறுந்தால் பெட்டி அலற வேண்டும். அலறவில்லை. துடிப்பு 142 என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. அந்த மருத்துவமனையில் நர்ஸ் தொடாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பை முடிக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீடியோவை அருண்பிரசாத்துக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டாள். "நிறுத்திடுங்க சார். நான் சேர்த்ததுதான் தப்பு." மாலை அனுப்பவிருந்ததை அவர் உடனே நிறுத்தினார்.

தப்பு நிரலில் ஒரே ஒரு குறியில் இருந்தது. அந்த ஆழ்ந்த தூக்கத்தில் பிராசஸரின் உள்கடிகாரமும் நின்றுவிடும், வெளியே இருக்கும் இன்னொரு கடிகாரம்தான் அதை எழுப்ப வேண்டும். உள்கடிகாரம் நிற்கும் என்று கெர்னலுக்குச் சொல்லும் குறியை அவள் போடாமல் விட்டிருந்தாள். எழுப்ப ஆள் வைக்காமலே தூங்கப் பண்ணியிருக்கிறாள். ஊர்ப்பட்ட பூட்டையெல்லாம் இழுத்துப் பார்க்கிறவள், இந்த ஒன்றை இழுத்துப் பார்க்கவில்லை!

ஒயரைத் திரும்பச் செருகி மெயினைப் போட்டாள். குறியைச் சேர்த்து, புதுக் கெர்னலைப் பெட்டியில் ஏற்றி, மறுபடி மெயினை அணைத்தாள். அப்பாவும் மகளும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்தத் தடவை கடிகாரம் நிற்கவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கினாள்.

பெட்டி வீறிட்டது. கீழ்வீட்டு ரேவதி என்னவோ ஏதோ என்று படியேறி ஓடி வந்துவிட்டாள். ராஜேந்திரன் காதைப் பொத்திக்கொண்டு, போதும் நிறுத்து என்று தலையை ஆட்டினார்.

"கொஞ்ச நேரம் கத்தட்டும்ப்பா," என்றாள் மணிமொழி. கண் கலங்கியிருந்தது. காய்ந்துபோன சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.