காளிபோக்ரியில் ஏன் திரும்பினோம்

போன செவ்வாய்க்கிழமை காலை தபன்தா போன் செய்தார். "சாரதாதி போய்விட்டார்" என்றார். கிடர்பூரில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே நம் மலைநடைக் குழுவைப் பத்து வருடம் கட்டி மேய்த்த அதே சாரதாதிதான். தபன்தா நமக்கெல்லாம் அண்ணன், சாரதாதி அக்கா. மாரடைப்பாம்.

ஞாயிற்றுக்கிழமை பாலிகஞ்சில் இரங்கல் கூட்டம். தபன்தா மைக்கைப் பிடித்து, "தங்கமான மனுஷி. என்ன, கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றார். நீங்களும்தான் இருந்தீர்கள். சிலர் தலையாட்டினீர்கள், சிலர் சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயந்த சுபாவமா, சாரதாதிக்கா? இறந்த பிறகும் அந்தப் பழியை அவர் தலையில்தான் கட்ட வேண்டுமா?

அவரை உங்களுக்கு நினைவில்லை என்றால் நான் சொல்கிறேன். துர்கா பூஜைக்கு வாங்கிய புது ஷூவை மாட்டிக்கொண்டு பூஜை விடுமுறையில் மலையேறக் கிளம்புவது நம் ஊர் வழக்கம். இரண்டாம் நாளே பாதி குழு நொண்டும். அதனால் சாரதாதி இரண்டு வாரம் முன்பே எல்லாரையும் மூட்டையோடு தன் வீட்டுக்கு வரச் சொல்லி, நாலு மாடியையும் மூன்று முறை ஏறி இறங்க வைப்பார். புது ஷூ என்றால் அங்கேயே கழற்ற வேண்டும். அப்புறம் கால் நகத்தைக் காட்ட வேண்டும். சால்ட் லேக்கில் அரசாங்க அதிகாரியான என்னையா நகம் காட்டச் சொல்கிறார் என்று முறைத்தேன். "ஆபீசர் நகமும் இறக்கத்துல கறுத்துத்தான் போகும், வெட்டுங்க" என்று நகவெட்டியை நீட்டினார்.

நடக்கும்போது மெதுவாக நடப்பவர்களை முன்னால் விடுவார். அவர் எப்போதும் கடைசியில் வருவார். "முன்னால போறவங்களுக்கு மலைதான் தெரியும். பின்னால வந்தாத்தான் நம்ம ஆளுங்க தெரிவாங்க" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் சந்தக்பூ சிகரத்துக்குப் போனோமே, அந்த நடையில் காளிபோக்ரி கிராமத்தைத் தாண்டியதும் தபன்தா ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் பின்னாலேயே போனேன். குடல் வெளியே வந்துவிடுமோ என்கிற மாதிரி வாந்தி எடுத்தார். தலை வெடிக்கிறது என்றார். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் ஏறினால் உயிருக்கே ஆபத்து. நான் தண்ணீர் ஊற்றினேன். "சாரதாதிகிட்ட மூச்சு விடாதீங்க, திருப்பிடுவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அரை நாள் ஏறினால் கஞ்சன்ஜங்கா கண்ணெதிரே தெரியும். எனக்கும் ஆசைதான், வேறென்ன?

கடைசியில் வந்த சாரதாதி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், "எல்லாரும் கீழ இறங்கறோம்" என்றார். வழிகாட்டி ஒருவர்தான், குழுவைப் பிரிக்க முடியாது. எவ்வளவோ சண்டை போட்டும் யாருக்காக என்று சொல்லவில்லை. "ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை. யாருன்னு கேக்காதீங்க" என்றதோடு சரி. கீழே வந்ததும் தபன்தாவுக்குத் தலைவலி விட்டது. மறுநாள் இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டு, குரங்குக் குல்லாவோடு ஜோக் அடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதக் கூட்டம் நினைவிருக்கிறதா? "யாருக்கு உடம்பு சரியில்லை, கையைத் தூக்கட்டும்" என்று கேட்டீர்கள். ஒரு கையும் எழவில்லை. சாரதாதி தலைமையிலிருந்து அவராகவே விலக வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது முதல் கை தபன்தாவுடையது. அடுத்த சில கைகளில் என்னுடையதும் இருந்தது. அப்போதும் சாரதாதி யார் பேரையும் சொல்லவில்லை. குழுத் தலைவரின் விசிலை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பல வருடம் கழித்து பாலிகஞ்ச் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ரயில் வரும்வரை ஊர்க்கதை பேசினோம். கிளம்பும்போது சொன்னார்: "அன்னிக்கு உங்க ஷூவுல வாந்தி தெறிச்சிருந்தது. உங்க முகம் நல்லாத்தான் இருந்தது. அப்புறம்தான் தபனோட முகத்தைப் பார்த்தேன்."

"கூட்டத்துல ஏன் சொல்லலை?"

"அந்த மனுஷன் வெக்கப்படுவான்னு சொல்லலை. நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் எந்த மலைக்குப் போனாலும் கடைசியில்தான் நடக்கிறேன். முன்னால் போகிறவர்களின் முகத்தையும் ஷூவையும் பார்த்துக்கொண்டே போகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கமும், அன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விழுங்கியதும்தான். விழுங்கியதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். தபன்தா, காளிபோக்ரியில் வாந்தி எடுத்தது நீங்கள். தண்ணீர் ஊற்றியது நான். நம் குழுவில் பயந்தவர்கள் இருந்தார்கள், உண்மைதான். அது நாம் இரண்டு பேர்.