பள்ளத்தைத் தாண்டிய பிரெஞ்சுச் சொல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள்.

போன வருடம் மழை விட்ட சமயம். ஜவ்வாது மலையில், காவலூர் பக்கம் ஒரு விடுதியில் சமையல் செய்கிறேன். பிரான்ஸிலிருந்து ஒரு பெண்மணியும் அவருடைய வயதான அப்பாவும் வந்து தங்கியிருந்தார்கள். பெரியவருக்குப் பார்வை மங்கல்; பிரெஞ்சு தவிர வேறு பாஷை தெரியாது. சாயங்காலம் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தவரைத் திடீரென்று காணவில்லை.

ஊரே தேடக் கிளம்பியது. எங்கள் மலையில் ஆளைத் தேடும்போது 'ஓ...' என்று கூவுவோம். இங்கே வா என்று அர்த்தம். கடைசியில் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. கூவல் வந்த திசையைப் பார்த்தே அவர் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பள்ளத்துக்குள் செங்குத்தாக இறங்கும் பாறை. நாங்கள் கூவலை நிறுத்தியும் அவர் நிற்கவில்லை. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிய ஆட்கள் போய்ச் சேர வெகு நேரம் ஆகும்.

மகளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது. நில்லுங்கள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லைச் செல்போனில் எழுதிக் காட்டினார். விடுதி ஜீப் ஓட்டும் தம்பி அதை இங்கிலீஷ் மாதிரி வாசித்து 'அட்டெண்டெஸ்' என்று கத்தினார். பெரியவர் இன்னும் ஓர் அடி வைத்தார்.

"யக்கா, ஆடு மேய்ச்ச கொரலு உன்னுது. நீ கூப்புடு" என்று அந்தத் தம்பி என் பக்கம் திரும்பினார்.

"ஐயோ, நானா? எனக்கு இன்னாப்பா தெரியும்?"

"மேடையில பேசவா சொல்றேன்? கத்துக்கா!"

வீட்டில்கூட உரக்கப் பேசாதவள் நான். மகள் என் கையைப் பிடித்து, உதட்டை அசைத்துக் காட்டியபடியே உள்ளங்கையில் மூன்று தட்டு தட்டினார். அ. தான். தே. நடுவில் வரும் 'ன்'னை நாக்கால் தொடாமல் மூக்கிலேயே விட வேண்டும் என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார். நான் தப்பாகச் சொல்லி, கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக நடந்துவிட்டால்?

எதிர்மலையில் இருப்பவரைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தைத்தான் இழுப்போம். அப்படியே இழுத்தேன்.

"அ-தான்-தே...!"

வெள்ளைச் சட்டை நின்றது. பிறகு மெல்லக் குனிந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்தது. சுற்றிப் போன ஆட்கள் அவரைக் கைத்தாங்கலாகப் பிடிக்கும்வரை பயத்தில் நான் அதையே கூவிக்கொண்டிருந்தேன்.

என் சொல்லுக்கு ஒருவர் நின்றார் என்பதை இன்றைக்கும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். எனக்குத் தொண்டை கட்டி நாள் முழுக்கப் பேச்சு வரவில்லை. எப்போதும் பேசாதவள் என்பதால் யாருக்கும் அது தெரியவில்லை.