பூபதியின் நாற்காலி

மத்திகிரியில் லைன் வீட்டில் குடியிருந்த ஜோதிமணிக்கு எவள் மேலும் பொறாமை கிடையாது. எதிர்வீட்டு சாந்தம்மாவின் புதுக் கிரைண்டர் மேல்கூட இல்லை. பொறாமையெல்லாம் புருஷன் பூபதி மேல்தான். அதுவும் அவன் அடித்ததற்குக் கிடைத்த உபசாரத்தைப் பார்த்து.

வீட்டில் அடிக்கிறவனைத் தட்டிக்கேட்கப் புதுச் சட்டம் வந்திருந்த நேரம் அது. வீங்கின கையோடு ஜோதிமணி கோர்ட்டில் போய் நின்றாள். இனி அடிக்கக் கூடாது, ஞாயிறுதோறும் ஓசூர் ஆலோசனை மையத்துக்குப் போக வேண்டும் என்று கோர்ட்டு பூபதிக்கு உத்தரவு போட்டது. போகும்போதெல்லாம் அட்டையில் ஒரு முத்திரை. கம்பெனியில் வருகை பதிகிற மாதிரிதான். அட்டை நிறைந்தால் ஆள் திருந்திவிட்டான் என்று அர்த்தம்.

பெண்டாட்டியும் கூட வர வேண்டும். ஆனால் வெளி பெஞ்சோடு சரி. ஜன்னல் வழியே பார்த்தாள். விசிறிக்கு நேர்கீழே மெத்தை போட்ட நாற்காலி, டீ, ரெண்டு பிஸ்கட். ஆலோசகர் மேரிராணி மேடம் கூடப்பிறந்தவள் மாதிரி, நல்லா தூங்குறீங்களாண்ணா என்று கேட்டார். அவன் அப்பனிடம் அடிவாங்கிய கதையைச் சொல்லி அழுதான். அடித்தவனுக்கு பிஸ்கட், வாங்கினவளுக்கு வெயில். வயிறு எரிந்தது அவளுக்கு. தூங்கினாயா என்று அவளை இதுவரை ஒரு நாயும் கேட்டதில்லை.

கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள் என்று மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார். பூபதியும் தவறாமல் எண்ணினான். சூப்பர்வைசரிடம் பழகிய கன்னடத்தில் ஒந்து, எரடு, மூரு என்று ஆரம்பிப்பான். ஹத்து வந்ததும் அறைவான்.

கடைசி முத்திரை விழ வேண்டிய ஞாயிறு. பூபதி வாசலில் பீடியை முடித்துக்கொண்டிருந்தான். ஜோதிமணி விறுவிறுவென்று உள்ளே போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விசிறிக் காற்றுக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அது அவர் இடம்மா என்றார் மேரிராணி.

"தெரியும் மேடம். என்னையும் ஒருக்கா கேளுங்க."

மேடம் தயங்கித்தான் கேட்டார். "நல்லா தூங்குறீங்களா?"

"இல்லீங்க. அவரு எண்ண ஆரம்பிச்சாலே எனக்கு மூச்சு நின்னுடுது. எண்ணி முடிச்சுட்டுத்தான அடிக்கறாரு."

முத்திரைக் கட்டையை எடுக்கப்போன கை அப்படியே நின்றது. சேதி கோர்ட்டுக்குப் போனது. வீட்டை விட்டு வெளியேறும்படி பூபதிக்கு உத்தரவு வந்தது. மையத்திலும் விதியை மாற்றினார்கள். இனி முதலில் பெண்டாட்டியைத் தனியாகக் கேட்க வேண்டும். அவள் சரி என்று சொல்லாமல் முத்திரை கிடையாது.

இப்போது பெஞ்சில் பூபதி. ஜன்னல் வழியே எட்டிப்பார்த்துவிட்டு வாட்ச்மேன் வெள்ளைச்சாமியிடம் பொருமினான்.

"அவளுக்கு மட்டும் ரெண்டு பிஸ்கட்டாண்ணே?"

ஜோதிமணி காதில் விழுந்தது. மேடத்தின் தட்டிலிருந்து மூன்றாவதையும் எடுத்து, அவசரமில்லாமல் டீயில் நனைத்தாள்.